மூச்சுக்குள் சொன்ன ஆமா

எங்கள் ஊரில் ஆமா என்று சொல்வதற்குக் குரல் வேண்டியதில்லை. வாயை லேசாகத் திறந்து காற்றைச் சட்டென்று உள்ளே இழுத்தால் போதும். காப்பி வேணுமா, படகு வந்துடுச்சா, உன் அப்பா செத்துட்டாராமே, எல்லாவற்றுக்கும் அதே ஒரு இழுப்புதான். கேட்டவருக்குப் புரிந்துவிடும். புரியாதவர் வெளியூர்க்காரர்.

யோருனுக்கும் ஹில்மாருக்கும் கல்யாணம் நடந்தபோது பாதிரியார் தெற்கிலிருந்து புதிதாக வந்தவர். ‘இவரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா’ என்று யோருனிடம் கேட்டார். அவள் மூச்சை இழுத்தாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இழுத்தாள். மூன்றாவது தடவை அவர் முகம் வெளுத்துப்போய், “பொண்ணுக்கு மூச்சு முட்டுது, யாராவது கொஞ்சம் தண்ணி கொண்டாங்க” என்றார். கோவிலே சிரித்தது. இன்றைக்கும் யாராவது தயங்கினால் “தண்ணி கொண்டாங்க” என்போம். 

ஹில்மார் என் பக்கத்து வீட்டுக்காரன். வேலையிலும் பக்கத்து ஆள். துறைமுகத்தை ஒட்டிய கொட்டகையில் படகுகளுக்குத் தூண்டில் கயிறு தயார் செய்வது எங்கள் பிழைப்பு. கடலிலிருந்து சிக்கலும் பாசியுமாகத் திரும்பி வருகிற கயிற்றைப் பிரித்து, அதில் தொங்கும் ஒவ்வொரு தூண்டில் முள்ளிலும் கானாங்கெளுத்தித் துண்டு கோத்து, தொட்டிக்குள் வட்டம் வட்டமாக அடுக்க வேண்டும். சுவரோரம் நீளமாக ஒரு பலகை. எல்லோரும் சுவரைப் பார்த்தே நிற்போம். பேச்செல்லாம் சுவரிடம்தான். பக்கத்தில் நிற்பவன் முகம் எப்படியிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் முள் கையில் ஏறிவிடும். ஆகவே யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. என் புருஷன் தெற்கே போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்ட வருஷம் முழுவதும் நான் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அழுதேன். மூக்கு ஒழுகுவது குளிரால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அல்லது நினைத்துக்கொண்டதாகக் காட்டினார்கள்.

எங்கள் ஊர் வடதுருவத்துக்குப் பக்கம், நவம்பர் கடைசியில் சூரியன் போய்விடும். ஜனவரி பாதிக்கு மேல்தான் திரும்பும். மத்தியானத்தில் தெற்கு மலைக்குப் பின்னால் ஒரு நீலம் தெரியும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் எல்லோருக்கும் கொஞ்சம் அசதி இருக்கும். இருட்டுக் களைப்பு என்போம். காலையில் ஒரு கரண்டி மீன் எண்ணெய், ஜன்னலில் ஒரு நட்சத்திர விளக்கு, நாள் பூராவும் காப்பி. இதுக்கெல்லாம் யாராவது வைத்தியரிடம் போவார்களா?

ஹில்மாருக்கு ஐந்தாறு வருஷமாகவே குளிர்காலத்தில் அது அதிகம். இந்தத் தடவை நவம்பரிலேயே விழுந்துவிட்டான். பத்து மணி நேரம் தூங்கி எழுந்தும் தூங்காதவன் மாதிரி வருவான். ரொட்டியும் சர்க்கரையுமாகத் தின்று உடம்பு ஊதியது. பிறகு வேலைக்கு வருவதே குறைந்தது. டிசம்பரில் ஒரு நாள் வந்தவன், பலகையில் தன் இடத்தில் எப்போதும் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

“குட்னி, இதை நீயே வச்சுக்க.”

“உனக்கு?”

“எனக்கு எதுக்கு.”

நல்ல ரேடியோ. வாங்கி வைத்துக்கொண்டேன். ஒருத்தன் தனக்குப் பிடித்ததைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கொடுத்தால் வாங்குவதும், ஏன் என்று கேட்காததும் எங்கள் மரியாதை.

யோருன் கேட்கிறவள். ரேடியோ சங்கதியை நான் சொன்னதும் அவள் முகம் மாறியது. மறுநாளே அவனை எங்கள் ஊர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மாத்திரை எழுதினார். சூரியனுக்குப் பதிலாகக் காலையில் முன்னால் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லி ஒரு வெளிச்சப் பெட்டி கொடுத்தார். டவுனில் இருக்கும் மனநல ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை போய்ப் பேச வேண்டும் என்றார். டவுன் மலைக்கு அந்தப் பக்கம். பனி விழுந்தால், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக ஊர்ந்துதான் போக முடியும்.

மாத்திரை டப்பாவை ஹில்மார் அலமாரியில் மீன் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தானாம். யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று யோருன் கேட்டதற்கு, “குட்னி பாத்துடுவா” என்றிருக்கிறான். உண்மைதான், நான் பார்த்தேன். அவர்கள் வீட்டில் சர்க்கரை எங்கே, கரண்டி எங்கே என்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் ஒளித்து என்ன பயன்? முதல் தடவை போய் வந்த மறுநாளே கொட்டகை முழுக்கத் தெரிந்திருந்தது. எங்களோடு பலகையில் நிற்கும் ஒட்வாருக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன ஹில்மார், பேச்சு டாக்டர் என்ன கேட்டா?”

“தூங்குறீங்களான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“தூங்குறேன்னேன்.”

“வேற?”

“சாப்பிடுறீங்களான்னு.”

“அதுக்கு?”

“சாப்பிடுறேன்னேன்.”

“அட, இதைக் கேக்கறதுக்கு ஒரு படிப்பு, ஒரு ஆபீஸு. இதை நானே சும்மா கேட்டிருப்பேனே.”

ஹில்மார் முள்ளில் மீன் துண்டைக் கோத்தான். அடுத்ததையும் கோத்தான்.

“நீ கேட்டதே இல்லையே” என்றான்.

ஒட்வார் குனிந்து தன் கயிற்றில் சிக்கல் தேடினான்.

பேச்சு டாக்டர் பெயர் மரைக்கே. ஹாலந்துக்காரி, இந்தப் பக்கத்துக்குப் புதிது. எங்கள் பாஷையைப் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக அழகாகப் பேசுவாளாம். நல்ல மாதிரிதான், ஆனால் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்து முகத்தையே பார்க்கிறாள் என்று ஹில்மார் சொன்னான்.

“முகத்தைப் பாத்தா எப்படிப் பேசறது?” என்று என்னைக் கேட்டான்.

“பேசாம என்ன பண்ற அங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொல்றேன்.”

“உனக்குக் கொஞ்சமாவது தேவலையா?”

“போகுது.”

போகுது என்பது எங்கள் ஊரில் ஒரு பதிலே இல்லை. லாட்டரி விழுந்தவனும் போகுது என்பான், ஒரு காலை இழந்தவனும் போகுது என்பான்.

ஜனவரியில் புயல் பிடித்தது. மலைப்பாதையை மூடிவிட்டார்கள். அந்த வாரம் டவுனுக்குப் போக வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே பேசலாம் என்று மரைக்கே சொல்லிவிட்டாள். காற்று ஓய்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சின்னப் படகு போய்க் கொஞ்சம் காட் மீன் கொண்டுவந்திருந்தது. எனக்கு ஒரு மீனும் அதன் ஈரலும் சினையும் கிடைத்தன. ஒருத்தி மட்டும் தின்னுகிற சாப்பாடு அல்ல அது. தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை. காலணியைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தால், யோருன் உதட்டில் விரலை வைத்தாள்.

“உள்ள பேசிட்டிருக்காரு” என்றாள்.

அடுக்களைக்கும் அந்த அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். ஹில்மாருக்கு வாலிபத்தில் படகு எஞ்சினோடு கிடந்ததில் காது மந்தம். கம்ப்யூட்டரின் சத்தத்தை முழுக்க வைத்திருந்தான். கேட்கக் கூடாதது கேட்டுவிடுமே என்று யோருன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு உருளைக்கிழங்கு கழுவினாள். நான் பாத்திரங்களை உருட்டினேன். அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தால் விழாதது மாதிரி இருக்க வேண்டும். இவ்வளவு நெருக்கமான வீடுகளில் வேறு எப்படி வாழ்வது?

கிழங்கு கழுவி முடிந்துவிட்டது. யோருன் குழாயை மூடிவிட்டுத் தோல் சீவ ஆரம்பித்தாள். வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளேயிருந்து மரைக்கேயின் குரல் தெளிவாக வந்தது.

“மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்களா?”

ஹில்மார் மூச்சை இழுத்தான். எங்களுக்குக் கேட்டது.

“ஹில்மார்? மாத்திரை எடுக்கறீங்களா?”

“எடுக்கறேன்.”

“சரி. இன்னைக்கு ஒண்ணு நேராவே கேக்கறேன். கூசாம சொல்லலாம். உயிரோட இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுதா?”

யோருனின் கையில் கத்தியும் பாதி சீவிய கிழங்கும் அப்படியே நின்றன.

ஹில்மார் மூச்சை உள்ளே இழுத்தான்.

மரைக்கே காத்திருந்தாள். “அவசரமே இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

மறுபடியும் இழுத்தான். முதல் தடவையைவிடப் பலமாக.

 பிறகு மரைக்கே பேசினாள். அவள் குரலில் நிஜமாகவே ஒரு சந்தோஷம் இருந்தது. “இப்போ பதில் சொல்ல வேணாம்னாலும் சரி. முன்னாடியெல்லாம் வாழ்க்கை பாரமா இருக்கான்னு நான் கேட்டா, பெருமூச்சு விட்டுட்டுப் பேசாம இருந்துருவீங்க. இன்னைக்கு அந்தப் பெருமூச்சு இல்ல. முகமும் அமைதியா இருக்கு. மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குன்னு தோணுது. எது எப்படியிருந்தாலும் அடுத்த வாரமும் பேசுவோம். சரியா?”

பெருமூச்சு. அவள் அதைப் பெருமூச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேரில் பார்த்தபோது அவன் சொன்ன ஆமாவெல்லாம் அவளுக்கு அலுப்பு. இப்போது கம்ப்யூட்டர் அந்தக் காற்றைக்கூட அவளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஒரு மனுஷன் தன் வாழ்நாளிலேயே கஷ்டமான ஆமாவை இரண்டு தடவை சொல்லிவிட்டான், எதிரில் இருப்பவள் ரொம்ப நல்லது என்கிறாள். 

யோருன் என்னைப் பார்த்தாள். உனக்கும் கேட்டதா என்பது அந்தப் பார்வை. நான் மூச்சை இழுத்தேன்.

கத்தியோடும் கிழங்கோடும் அவள் அந்த அறைக்குள் போனாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். ஹில்மார் திரையைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வெளிச்சப் பெட்டி அணைந்து கிடந்தது.

“டாக்டரம்மா, நான் யோருன், இவரோட சம்சாரம். வச்சிராதீங்க. அவரு ஆமான்னு சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“நீங்க கேட்டதுக்கு. ரெண்டு தடவை சொன்னாரு, ஆமான்னு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“நாங்க மூச்சை உள்ள இழுத்தா அது ஆமா. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.”

மரைக்கேயின் முகத்தை நான் வாசலிலிருந்து பார்த்தேன். இளம் முகம். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அப்போ முன்னாடியும்…”

“முன்னாடியும் ஆமாதான்.”

அவள் சமாளித்துக்கொண்டாள். அதை நான் மெச்சுவேன். அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை. “ஹில்மார், நீங்க சொல்லியிருக்கீங்க, நான் கேக்கத் தெரியாம இருந்திருக்கேன். தப்பு என்னோடது. இன்னொரு தடவை கேக்கறேன். எனக்காக மூச்சை வெளிய விட்டுச் சொல்லுங்க. சாகணும்னு தோணுதா?”

காற்று வீட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. ஹில்மார் சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தான், மூடினான். யோருன் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிழங்கிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் பாவாடை நனைந்தது.

“ஆமா” என்றான் ஹில்மார்.

இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். அவனிடமிருந்து அந்தச் சொல்லைக் குரலோடு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் யோருன்.

“உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேனே. அவகிட்ட ஒவ்வொரு வாரமும் சொன்னேன். ஒண்ணும் ஆகல. சரி, இது எல்லாருக்கும் இருக்கறதுதான் போலிருக்கு, இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.”

யோருன் தலையை அவன் முழங்காலில் வைத்துக்கொண்டாள். நான் அடுக்களைக்குத் திரும்பினேன். கிழங்கை வேகவைத்தேன், ஈரலை வெங்காயத்தோடு உருக்கினேன், சினையைத் துணியில் சுற்றி உப்புத் தண்ணீரில் போட்டேன். கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. மரைக்கே வெகுநேரம் பேசினாள். இப்போது ஹில்மாரும் பேசினான். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

அன்றைக்கு அவனைத் தனியாக விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் டாக்டர் பனியில் நடந்தே வந்து சேர்ந்தார். நாங்கள் நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மீனும் ஈரலும் சாப்பிட்டோம். ஹில்மார் இரண்டு வாய் சாப்பிட்டான்.  சாப்பிட்டு முடிந்தும் டாக்டர் எழுந்து போகவில்லை, நானும் போகவில்லை. பாதை திறந்ததும் பனி வண்டிக்குப் பின்னால் முதல் காராக யோருன் அவனை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சேர்த்துக்கொண்டு மாத்திரையை மாற்றினார்கள். அது ரத்தத்தில் ஊறி வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், பொறுக்கணும் என்றார்களாம். யோருன் அங்கேயே தங்கிவிட்டாள்.

அந்த வாரங்களைப் பற்றி என்ன சொல்ல? பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு இல்லை. வேலை முடிந்து வந்தால் எனக்குப் போக இடமில்லை. ஒருத்திக்கு ஆக்குவதற்கு அலுத்துக்கொண்டு ரொட்டியும் பழுப்புச் சீஸும் தின்றேன். தூங்குவதற்கு முன் ஹில்மாரின் ரேடியோவைப் போட்டு, கடலில் காற்று எந்தப் பக்கம் என்று படிக்கிறவனின் குரலைக் கேட்டேன். நான் கடலுக்குப் போகிறவளா? இருந்தும் கேட்டேன். சூரியன் திரும்பும் நாளில் வழக்கம்போலக் கடையில் ஜாம் வைத்த சூரிய பன் விற்றார்கள். வானம் மூடிக்கிடந்தது. தெரியாத சூரியனுக்காக ஊரே நின்று பன் தின்றது. நான் மூன்று வாங்கி வந்து, ஒன்றைத் தின்றுவிட்டு, மீதி இரண்டையும் குளிர்பெட்டியில் வைத்தேன்.

மார்ச்சில் அவர்கள் திரும்பினார்கள். ஹில்மார் மெலிந்திருந்தான். ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தான். வந்து தன் இடத்தில் நின்று கையுறை மாட்டினான். நான் ரேடியோவை எங்கள் இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். திரும்ப என் பக்கம் தள்ளவில்லை.

ஒட்வார் காப்பி ஊற்றிக்கொண்டே, “ஹில்மார், உனக்கும் ஊத்தவா?” என்றான்.

“ஆமா” என்றான் ஹில்மார், வாய்விட்டு.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. ஒட்வாருக்குக் காப்பி சிந்திவிட்டது.

“என்னய்யா, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெற்கத்தியான் ஆயிட்டியா?”

“டாக்டரம்மா உத்தரவு. அவளுக்கு நான் குரல்ல சொல்லணும். அவ எனக்கு மூச்சை இழுத்துச் சொல்லப் பழகுறா. இருமல்தான் வருது அவளுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

“இன்னும் போறியா அவகிட்ட?” என்று ஒட்வார் கேட்டான். “சூரியன்தான் வந்துடுச்சே. மாத்திரையையும் கடாசிடலாமே.”

“போன வருஷமே யாருக்கும் தெரியாம டாக்டர்கிட்டப் போய் ஒரு மாத்திரை வாங்கினேன். சூரியன் வந்துடுச்சுன்னு கடாசினேன், யார்கிட்டயும் சொல்லல. இந்தத் தடவை கோடை பூராவும் எடுக்கப் போறேன். அடுத்த இருட்டு வர்றதுக்கு முன்னாடியே போய்ப் பேசவும் ஆரம்பிச்சுடணுமாம்.”

“பேசறதுக்கு அவ்வளவு இருக்கா உன்கிட்ட?”

“இருக்கு போல. முகத்தைப் பாத்தா வர மாட்டேங்குதுன்னு சொன்னேன். அவளும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டா. ரெண்டு பேரும் ஜன்னலைப் பாத்து உக்காந்து பேசறோம்.”

ஒட்வார் தன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அவனுக்கே கேட்காத மாதிரி, “நல்லாத் தூங்குறியா?” என்று கேட்டான்.

“முன்னைக்குப் பரவாயில்ல.”

சாயங்காலம் மற்றவர்கள் போய்விட்டார்கள். என் தொட்டியில் கொஞ்சம் பாக்கியிருந்தது. ஹில்மார் தன்னுடையதை முடித்துவிட்டும் போகாமல், என் கயிற்றின் மறுமுனையை எடுத்துச் சிக்கல் பிரித்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ரேடியோ காற்றின் திசையைப் படித்துக்கொண்டிருந்தது.

“குளிர்பெட்டியில ரெண்டு பன்னு வச்சிருந்தியாம். யோருன் சொன்னா.”

“உங்களுக்குன்னு வச்சேன். கல்லாப் போச்சு.”

“நாங்க இல்லாதப்ப எங்க போன சாயங்காலத்துல?”

“எங்க போறது. வீட்டுலதான்.”

இரண்டு முள்ளுக்கு இரை கோத்தேன். அவன் ஒரு முடிச்சை நகத்தால் தளர்த்தினான்.

“குட்னி, தனியா இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்கா?”

என் புருஷன் போனதிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் சுவரைப் பார்த்தபடி மூச்சை உள்ளே இழுத்தேன்.

கயிறு அசைவது நின்றது. ஹில்மார் அதைக் கீழே வைத்துவிட்டான். கையுறையைக் கழற்றினான், ரேடியோவை அணைத்தான், பலகையை விட்டு விலகி என் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றான். கொட்டகையில் யாரும் அப்படி நிற்பதில்லை.

“கேக்கல” என்றான்.

“பொய் சொல்லாத. உனக்குக் கேட்டுச்சு.”

“கேட்டுச்சு. வெளிய விட்டுச் சொல்லு.”

எனக்குக் கோபம் வந்தது. போடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையில் முள் இருந்தது, அதை முதலில் தொட்டியில் வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன். திரும்பினேன். அவன் முகம் இவ்வளவு கிழடு தட்டியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். என் முகத்தையும் அவன் அப்போதுதான் பார்த்திருப்பான்.

“ஆமா” என்றேன்.